காலனி வீடுகள்: 'உள்ளது உள்ளபடி' விற்பனையில் யார் எதை இழக்கிறார்கள்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தமிழ்நாட்டின் காலனிகளுக்கு இரண்டு வகையான ஆட்கள் வருகின்றனர். முதலில் வருபவர் கிராம நிர்வாக அலுவலர். இடிந்த சுவர், ஒழுகும் தளம், சாய்ந்த குடிசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போகிறார். அடுத்து வருபவர் நிலத் தரகர். அவர் பார்ப்பதும் அதே வீடுகளைத்தான். ஆனால் அவருடைய கண் சுவரில் நிற்பதில்லை. மனையின் நான்கு மூலைகளிலும் சாலையின் அகலத்திலும் நிற்கிறது. 'இனி இதற்குச் செலவு செய்து பயனில்லை, இருப்பதை இருக்கிறபடியே கொடுத்துவிடுங்கள்' என்பது அவர் வழங்கும் முதல் அறிவுரை. முன்பணத்தை அவர் கையோடு கொண்டுவந்திருப்பார். நிவாரணப் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தைத் தாண்டுவதற்குள் பேரம் முடிந்துவிடுகிறது.

பழுதைச் சரிசெய்யாமல் வீட்டை விற்பது தன்னளவில் தவறான முடிவு அன்று. தெளிவான உரிமை ஆவணம் வைத்திருக்கும் நகரத்து நடுத்தரக் குடும்பத்திற்கு அது வெறும் கணக்கு. ஒரு இலட்சம் செலவு செய்தால் விலை ஒன்றரை இலட்சம் கூடும் என்றால் பழுது பார்க்கலாம். அரை இலட்சம்தான் கூடும் என்றால் அப்படியே விற்றுவிடலாம். சட்டமும் இதைத் தடுக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55, விற்பவர் வீட்டைச் செப்பனிட்டுத் தரவேண்டும் என்று எங்கும் கூறவில்லை. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள இயலாத முக்கியக் குறைகளை மறைக்காமல் சொல்லவேண்டும் என்றுதான் அது கோருகிறது. அவ்வாறு சொல்லாமல் விடுவதை மோசடியாகவே கருதுகிறது.

ஆனால் இந்தக் கணக்கு மூன்று நிலைமைகளை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. விற்பவருக்குக் கேள்விக்கிடமில்லாத உரிமை இருக்கிறது. அவர் விரும்பினால் பழுது பார்க்கவும் வழி இருக்கிறது. வாங்குவதற்குப் பலர் போட்டியிடுகின்றனர். இம்மூன்றும் இருக்கும் இடத்தில் 'உள்ளது உள்ளபடி' என்பது ஒரு தெரிவு. காலனியில் இம்மூன்றும் இல்லை. அங்கே அதே சொல், வேறொரு காரியத்தைச் செய்கிறது. விரிசலைக் காட்டி மண்ணின் விலையைக் குறைப்பதே அக்காரியம் என்பது எங்கள் வாதம்.

இவ்வீடுகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்கவேண்டும். மைய அரசின் இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியபோது அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் ஆகியோருக்கென்றே வகுக்கப்பட்டது. 1993-94இல்தான் பிற ஏழைகளுக்கும் விரிந்தது. அதற்கு முன்பும் பின்பும் மாநில அரசின் திட்டங்களில் தொகுப்பு வீடுகள் எழுந்தன. மனைக்கான நிலம் பெரும்பாலும் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்தும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டது. ஊரில் எவரும் விட்டுக்கொடுக்க முன்வராத மேட்டு நிலம் எடுக்கப்படவில்லை. வாய்க்கால் ஓரம், ஏரிக்குக் கீழ்ப்புறம், சுடுகாட்டுப் பாதை, கரிசல் பள்ளம் என்று எஞ்சியதே எடுக்கப்பட்டது. இரண்டரை அல்லது மூன்று செண்ட் மனை. அதில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, காங்கிரீட் தளம்.

மண் கொட்டி மேடாக்கிய பள்ளத்தில் அடித்தளம் போதிய ஆழம் இல்லாமல் எழுந்த சுவர், சில மழைக்காலங்களிலேயே மூலையில் பிளக்கிறது. கரிசல் மண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும். அதன்மேல் நிற்கும் சுவரும் அதனோடு ஏறி இறங்கும். தளத்தின் கம்பிக்குக் கீழே போதிய காரை இல்லையென்றால் ஈரம் கம்பியை எட்டுகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, கீழிருக்கும் காரையைத் தள்ளிப் பெயர்த்துவிடுகிறது. தூங்கும் குழந்தைமேல் காரை விழுந்தது என்ற செய்தியை ஒவ்வொரு மழைக்கும் நாம் வாசிக்கிறோம். இப்பழுதுகளில் எதுவும் அவ்வீட்டில் வாழ்ந்தவரின் அலட்சியத்தால் வந்ததன்று. மனையைத் தேர்ந்தது வருவாய்த் துறை, கட்டியது ஒப்பந்ததாரர், அளந்து பணம் கொடுத்தது ஒன்றிய அலுவலகம். முப்பது ஆண்டுகள் கழித்து விற்பனைப் பேரத்தில் அதற்கான விலைக்குறைப்பை ஏற்பவர் மட்டும் வீட்டுக்காரர்.

அப்படியானால் பழுது பார்த்துவிட்டு விற்கலாமே என்று கேட்கப்படுகிறது. எதைக் கொண்டு? பேரிடர் நிவாரண நிதிக்கான மைய அரசின் 2022-26 விதிமுறைகளின்படி, பகுதியளவு சேதமடைந்த உறுதியான வீட்டிற்கு 6,500 ரூபாய். உறுதியற்ற வீட்டிற்கு 4,000 ரூபாய். அதுவும் சேதம் குறைந்தது 15 விழுக்காடாவது இருக்கவேண்டும். முற்றிலும் இடிந்தால் சமவெளியில் 1,20,000 ரூபாய். பகுதிச் சேதம், முழுச் சேதம் என்ற இரு சொற்களுக்கு இடையிலுள்ள தொலைவு 1,13,500 ரூபாய். எந்தச் சொல்லை எழுதுவது என்பது ஆய்வுக்கு வரும் அலுவலரின் பேனாவில் இருக்கிறது. காலனியில் விரிசல் விழுந்து, தளம் தொங்கி, குடியிருக்க இயலாமற்போன வீடும் நான்கு சுவர்கள் நிற்பதனால் 'பகுதி' ஆகிவிடுவது வழக்கம். 6,500 ரூபாய் சில நாள் கொத்தனார் கூலிக்கும் சிமென்டுக்கும் சரியாகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைச் சிதைத்தபோதும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டித் தென்மாவட்டங்கள் மூழ்கியபோதும், 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் நின்றபோதும், நிவாரணம் இந்த வகைப்பாட்டின் வழியாகவே பாய்ந்தது.

வங்கிக் கடன் என்ற வழியும் குறுகியது. நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட மனையைப் பிணையாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. கடன் தவறினால் அதை ஏலம் விட முடியாது என்பது அவர்கள் காரணம். எஞ்சுவது மகளிர் குழுக் கடன், நுண்கடன், கந்துவட்டி. இவற்றை வாங்கித் தளத்தைச் செப்பனிட்ட குடும்பம், அடுத்த ஆண்டே வட்டிக்காக வீட்டை விற்க நேர்வதும் உண்டு.

இப்போது விலைக்கு வருவோம். எண்களை விளக்கத்திற்காகவே எடுத்துக்கொள்கிறோம். மூன்று செண்ட் மனை என்பது ஏறத்தாழ 1,307 சதுர அடி. அந்தப் பகுதியில் சதுர அடி 400 ரூபாய் என்றால் மனையின் மதிப்பு மட்டும் 5,22,000 ரூபாய்க்குச் சற்று மேல். வீடு முற்றிலும் பயனற்றது என்றே வைத்துக்கொள்வோம். அதை இடித்து அப்புறப்படுத்த 30,000 ரூபாய் ஆகும் என்றால், வாங்குபவர் நியாயமாகக் கழிக்கக்கூடியது அந்த 30,000 மட்டுமே. விலை 4,90,000 ரூபாயைச் சுற்றி நிற்கவேண்டும். தரகர் சொல்வது மூன்று இலட்சம். மீதமுள்ள ஏறத்தாழ இரண்டு இலட்சத்திற்கும் சுவரின் விரிசலுக்கும் தொடர்பே இல்லை. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவோ மனையாக மறுவிற்பனை செய்யவோ போகிறவருக்கு அச்சுவர் எப்படி இருந்தால் என்ன? ஆயினும் பேரம் முழுவதும் சுவரைப் பற்றியே நடக்கிறது. தளத்தைத் தட்டிக் காட்டுவார். கைப்பிடிக் காரை உதிரும். விற்பவர் வெட்கப்பட்டு விலையை இறக்குவார். எங்கள் வீடு இப்படி இருக்கிறதே என்ற அந்த வெட்கம், பேரத்தில் வாங்குபவர் கையிலுள்ள வலுவான கருவி.

அந்த இரண்டு இலட்சம் எங்கிருந்து குறைகிறது? ஒரு பகுதி, வாங்குவோர் எண்ணிக்கையிலிருந்து. காலனி மனையைக் குடியிருக்கவென்று வாங்கக் காலனிக்காரர் மட்டுமே வருவார். அவருக்கும் பணத்தட்டுப்பாடு. ஊரில் இருப்பவர் காலனிக்குள் வந்து குடியிருக்கமாட்டார். நெடுஞ்சாலை அகலமாகும்போதோ பக்கத்தில் தொழிற்பேட்டை வரும்போதோதான் வெளியார் வருகின்றனர். அவர்கள் ஒரு வீட்டை வாங்குவதில்லை. ஓரத்திலிருந்து தொடங்கி வரிசையாக வாங்குகின்றனர். சில காலனிகளில் இரண்டு வீடுகளுக்கு ஒரே நடுச்சுவர். ஒருவர் விற்று, வாங்கியவர் இடித்தால் அடுத்த வீடு ஒருபுறம் திறந்து நிற்கும். பிறகு அவரும் 'உள்ளது உள்ளபடி' விற்பார்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஊர்த்தெருவிலும் இடிந்த வீடுகள் உண்டு. பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ வெளிநாட்டிற்கோ போய்விட, பூட்டிய கதவின் முன் எருக்கு முளைத்து, ஓடு சரிந்து, ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றிற்கும் வாங்குவோர் குறைவு. பழுது பார்ப்பவர் எவரும் இல்லை. காலனியில் அரசுப் பணிக்குப் போன ஓர் இளைஞர் நல்ல விலை சொல்லிக் கேட்டால் பதில் கிடைப்பதில்லை. வீடு மண்ணாகப் போகலாம், சேரியாள் கைக்குப் போகக்கூடாது என்பது எழுதப்படாத கிரய நிபந்தனை. பட்டாவில் அச்சிட்ட நிபந்தனையை மீறிக் காலனி மனையை வாங்கத் துணிபவர்கள், இந்த எழுதப்படாத நிபந்தனையை மீறத் துணிவதில்லை. தனியார் விற்பனையில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் தெளிவான வீட்டுரிமைச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஜொராஸ்ட்ரிய கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், உறுப்பினர் தகுதியை ஒரு சமூகத்தாருக்குள் வரையறுக்கும் சங்க விதியை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இன அடிப்படையில் விற்க மறுப்பதைச் சட்டவிரோதமாக்கியதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆக, ஒருபுறம் சிதைந்த வீட்டை மலிவாக விற்கும் கட்டாயம். மறுபுறம் சிதைந்த வீட்டையும் வாங்க முடியாத தடை. இரண்டும் சேர்ந்தே காலனி மனையின் விலையைத் தீர்மானிக்கின்றன.

விலைக்குறைவின் மற்றொரு பகுதி பட்டாவிலிருந்து வருகிறது. இதில் இயக்கத் தோழர்கள் பலர் குழம்புவதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். காலனி வீடுகள் எல்லாம் ஒரே வகை நிலத்தில் இல்லை. பல தலைமுறையாகக் குடியிருக்கும் சேரியின் ஒரு பகுதி கிராம நத்தமாக இருக்கும். நத்தத்தில் குடியிருப்பவர் மனைக்கு உரியவர். அதை விற்பதற்குத் தனி நிபந்தனை பொதுவாக இல்லை. ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக ஒப்படைக்கப்பட்ட இலவச மனை அப்படியன்று. அதன் பட்டாவிலேயே நிபந்தனைகள் அச்சாகியிருக்கும்: குறிப்பிட்ட காலத்திற்குள் வீடு கட்டவேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகள்வரை பிறருக்கு மாற்றக்கூடாது, அதன் பின்னரும் ஆதிதிராவிடர் அல்லாதாருக்கு விற்கக்கூடாது என்ற வகையில் அவை அமையும். மீறினால் ஒப்படையை இரத்துசெய்ய அரசுக்கு உரிமை உண்டு. எந்த வீடு எந்த வகை என்பதை அறியாமலேயே பேரம் நடக்கிறது. நத்தத்து வீட்டுக்காரரிடமும் 'இது காலனி இடம், சட்டப்படி விற்கமுடியாது, நான் எப்படியோ பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லித் தரகர் விலையைக் குறைக்கிறார். இல்லாத நிபந்தனைக்கும் விலை கழிக்கப்படுகிறது!

நிபந்தனைப் பட்டா மனையில் கிரயப் பத்திரம் இயலாதபோது பவர் பத்திரமும் வெற்றுத்தாள் கையெழுத்தும் வருகின்றன. பொது அதிகார ஆவணத்தின் வழியாக நடக்கும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகக் கூறிவிட்டது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்து, பதிவு செய்த ஆவணத்தால் மட்டுமே விற்கப்படும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. வாங்குபவருக்கு உரிமை கிடைக்கவில்லை என்பதால் விற்பவருக்கு இலாபம் என்று எண்ணிவிடக்கூடாது. விற்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று விற்பவர் உறுதியளித்ததாகவே 55ஆம் பிரிவு கொள்கிறது. நாளை ஒப்படை இரத்தானால், பணத்தைத் திருப்பித் தா என்ற வழக்கு விற்ற குடும்பத்தின் மேல்தான் வரும். மூன்று இலட்சத்தை மருத்துவமனைக்குக் கட்டிவிட்ட குடும்பம் அதை எங்கிருந்து திருப்பித் தரும்?

பட்டா பெரும்பாலும் பாட்டியின் பெயரிலோ தாயின் பெயரிலோ இருக்கிறது. பெண்ணின் பெயரில் மனை வழங்குவது என்ற நல்ல முடிவின் பயன் அது. ஆனால் அவர் இறந்தபின் பெயர் மாற்றப்படுவதில்லை. மகன் ஒருவர் கையெழுத்திட்டு விற்றுவிடுகிறார். மணமாகிப்போன மகள்களின் பங்கு பேச்சிலேயே வருவதில்லை. பழுதடைந்த வீட்டின் அவசர விற்பனையில் முதலில் இழப்பவர்கள் அந்த மகள்கள். (கிறித்தவத்திற்கு மாறிய குடும்பங்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் அவர்கள் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர். 'ஆதிதிராவிடருக்கே விற்கவேண்டும்' என்ற நிபந்தனையைக் காகிதப்படி வாசித்தால், ஒருவர் தன் சொந்த அண்ணனுக்கே விற்க இயலாது.)

இவை அனைத்தையும்விடப் பெரிய இழப்பு, விற்றவுடன் கைவிட்டுப் போகும் மறுகட்டுமான உரிமை. 2024இல் தமிழ்நாடு அரசு, 2000-01ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட இரண்டரை இலட்சம் ஊரக வீடுகளை ஏறத்தாழ 2,000 கோடி ரூபாயில் பழுது நீக்குவதாக அறிவித்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், பழுது நீக்க இயலாத நிலையிலுள்ள பழைய திட்ட வீடுகளுக்கு மாற்றாக 25,000 புதிய வீடுகள் கட்டித்தர 600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு வீட்டிற்குச் சராசரி 2,40,000 ரூபாய். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டிற்கு 3,50,000 ரூபாய். தேவையை நோக்க 25,000 சிறிய எண்தான். பட்டியலில் பெயர் சேர்ப்பதிலுள்ள அரசியலையும் நாம் அறிவோம். ஆயினும் இடிந்த திட்ட வீடு என்பது வெறும் இடிபாடன்று. 2,40,000 ரூபாய்க்கான உரிமைக் கோரிக்கை அதற்குள் இருக்கிறது என்பதைத் தரகர் சொல்லமாட்டார். மேலே சொன்ன மூன்று இலட்ச விலையில் அது கணக்கிலேயே இல்லை. விற்றுவிட்டுப் புதிய மனை கேட்டுப் போனால், 'ஏற்கெனவே பயன்பெற்றவர்' என்ற ஒரு வரியில் மனு திரும்பிவிடும்.

இவ்விடத்தில் இளைஞர்கள் சிலர் எழுப்பும் கேள்வியை நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். நிபந்தனையே விலையைக் குறைக்கிறது என்றால் அதை நீக்கிவிடலாமே? பிற சாதியார் தம் நிலத்தை யாருக்கும் எந்த விலைக்கும் விற்கும்போது, தலித் மக்களை மட்டும் அரசின் காப்பாளுகையில் வைத்திருப்பது அவமதிப்பு அல்லவா? இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. விற்கும் உரிமை இல்லாத உடைமை அரை உடைமைதான். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கோ நகரத்திற்குக் குடிபெயர்வதற்கோ வீட்டை விற்க நினைப்பவரை, இயக்கத்தின் பெயரால் தடுத்து நிறுத்த நமக்கு உரிமை கிடையாது. சேரியிலேயே இருந்து அதைக் காப்பாற்று என்று வெளியிலிருந்து சொல்வது எளிது.

ஆனால் பஞ்சமி நிலத்தின் வரலாறு கண்முன் நிற்கிறது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வழங்கத் தொடங்கிய நிலங்களுக்குப் பத்தாண்டுகள் விற்பனைத் தடையும், அதன்பின் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையும் இருந்தன. நிபந்தனை இருந்தும் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் ஏக்கரில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. நிபந்தனை இல்லாதிருந்தால் மீட்புப் போராட்டத்திற்குச் சட்ட அடிப்படைகூட இருந்திராது. 1994இல் காரணையில் நில மீட்புக்காக இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தபோது, போராடியவர்கள் கையில் இருந்த சட்ட ஆதாரம் அந்நிபந்தனை. கர்நாடகத்தில் பட்டியல் சாதியினருக்கு வழங்கிய நிலத்தின் மாற்றத்தைத் தடுக்க 1978இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நிலத்தை மீட்டுத்தரக் காலவரம்பு இல்லை என்று 2023இல் அம்மாநிலம் திருத்தமும் செய்தது. அதே 2023இல் ஆந்திரம் எதிர்த்திசையில் போய், ஒப்படைத்து இருபது ஆண்டுகள் கழிந்த நிலங்களை விற்க வழிசெய்தது. தமிழ்நாட்டிலோ கர்நாடகத்தைப் போன்ற தனிச் சட்டம் இல்லை. பட்டாவின் நிபந்தனையும் வருவாய் நிலையாணைகளும்தான்.

எங்கள் கருத்து இது: நிபந்தனை இருக்கவேண்டும், ஆனால் அதன் செலவை விற்பவர் சுமக்கக்கூடாது. திறந்த சந்தையில் விற்கக்கூடாது என்று அரசு சொல்லுமானால், வாங்கும் கடமையை அரசே ஏற்கவேண்டும். விற்க விரும்பும் குடும்பம் விண்ணப்பித்தால், பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பிலோ அண்மைக் கிரய விலையிலோ எது கூடுதலோ அதைக் கொடுத்து, தாட்கோ போன்ற நிறுவனம் மனையை எடுத்துக்கொள்ளட்டும். பழுதை நீக்கி, அதே ஊரில் மனையின்றித் தவிக்கும் மற்றொரு தலித் குடும்பத்திற்கு ஒப்படைக்கட்டும். கட்டடத்தின் பழுதுக்காக மண்ணின் விலையில் ஒரு ரூபாயும் கழிக்கக்கூடாது. அப்பழுது அரசின் ஒப்பந்ததாரர் விட்டுச்சென்றது. சமத்துவபுரங்களுக்கும் இது பொருந்தும். நூறு வீடுகளில் நாற்பது தலித் மக்களுக்கு என்ற விகிதம் சமத்துவபுரத்தின் அடிப்படை. மறைமுக விற்பனைகள் அதைச் சத்தமின்றிக் குலைத்துவிடும்.

நகரத்தின் நிலைமை வேறு வடிவில் இதே கதை. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட தொகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு, புதிதாகக் கட்டிய புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்தது. இத்தகைய வீடுகளை ஒதுக்கீட்டு ஆணையின் பிரதியோடு, எந்தப் பதிவுமின்றி, 'இருக்கிறபடி' கைமாற்றுகின்றனர். தொகுதியை இடித்து மறுபடி கட்டும்போது வாரியம் தேடுவது ஒதுக்கீட்டு ஆணையிலுள்ள பெயரை. விற்றவரோ ஊர் மாறியிருப்பார். வாங்கியவர் பெயர் ஏட்டில் இராது. இங்கே வாங்கியவரும் பெரும்பாலும் தலித் தொழிலாளியே என்பதால் இழப்பு நம்மவர்களுக்குள்ளேயே இடம் மாறுகிறது.

வீட்டின் பழுது மழையால் அன்றி வன்முறையால் வந்திருந்தால் முற்றிலும் வேறு அளவுகோல் வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. இத்தகைய இடங்களில் எரிந்த வீட்டை மலிவுக்கு விற்றுவிட்டு வெளியேறுமாறு பேச வருபவர், தாக்குதலின் எஞ்சிய பணியை முடிக்க வருகிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின் இணைப்பு, எரிக்கப்பட்ட அல்லது முற்றிலும் அழிக்கப்பட்ட வீட்டிற்கு மாற்றாகச் செங்கல் அல்லது கல் வீட்டை அரசு தன் செலவில் கட்டித்தரவேண்டும் என்று கூறுகிறது. வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறும்படி கட்டாயப்படுத்துவதும், நிலத்திலிருந்தும் வளாகத்திலிருந்தும் முறைகேடாக வெளியேற்றுவதும் அச்சட்டத்தின் 3(1) பிரிவில் குற்றங்கள். அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. கிரயப் பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறது என்பதால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது.

இவ்வளவுக்குப் பின்னும் விற்றே தீரவேண்டிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடன் நிற்கும் தோழர்கள் முதலில் நிலத்தின் வகையை அறிய வேண்டும். பட்டாவையும் கிராமக் கணக்கையும் வில்லங்கச் சான்றையும் வைத்து, நத்தமா ஒப்படையா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே விலைபேசவேண்டும். நிவாரண மனுவோ மறுகட்டுமான விண்ணப்பமோ நிலுவையில் இருந்தால் அதன் முடிவு வரும்வரை முன்பணம் வாங்கக்கூடாது. பேரத்தில் மனைக்கும் கட்டடத்திற்கும் தனித்தனியே விலை கேட்கவேண்டும். சுவரைக் காட்டிப் பேசுபவரிடம், கட்டடத்திற்கு ஒன்றும் தரவேண்டாம், மண்ணுக்கு எவ்வளவு என்று கேட்டால் பேச்சு மாறும். வழிகாட்டி மதிப்பு பதிவுத் துறையின் இணையதளத்தில் எவருக்கும் கிடைக்கிறது. அதற்குக் கீழே இறங்கவேண்டியதில்லை. வாரிசுகள் அனைவரும், மகள்கள் உட்பட, கையெழுத்திட வேண்டும். தளம் ஒழுகுகிறது, சுவர் பிளந்திருக்கிறது என்ற குறைகளைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதி, அவற்றை அறிந்தே வாங்குகிறேன் என்று வாங்குபவரை ஒப்பச் செய்தால், பின்னர் மறைத்துவிட்டார் என்ற வழக்கு எழாது. முதலில் காலனிக்குள்ளேயே ஆள் தேடுவது நல்லது. பவர் பத்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வழிகாட்டி மதிப்பு தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் வெளியிடப்படுகிறது. உங்கள் ஊராட்சியில் ஊர்த்தெருவின் மதிப்பையும் காலனித் தெருவின் மதிப்பையும் எடுத்து அருகருகே எழுதிப் பாருங்கள். இடையில் ஒரு சாலை மட்டும் இருக்கும் இடங்களை முதலில் எடுங்கள். கூடவே காலனியில் எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில் கட்டிய வீடுகள், அவற்றில் எத்தனை குடியிருக்க இயலாதவை, எத்தனை கைமாறியவை, எத்தனை வீடுகளின் பட்டா இறந்தவர் பெயரில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். ஐம்பது வீடுள்ள காலனிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பழுதடைந்த திட்ட வீடுகளின் முழுப் பட்டியலையும் மறுகட்டுமானத் திட்டத்தில் சேர்க்கக் கோரும் தீர்மானத்தோடு அக்கணக்கை இணைத்து, தீர்மான ஏட்டில் பதிவானதா என்று பார்த்து, நகல் வாங்கி வாருங்கள். அடுத்த மழைக்கு முன் வருவது ஆகஸ்ட் 15.